‘நல்லாத்தான் இருக்கு, ஆனா’ காளிராஜ்

‘நல்லாத்தான் இருக்கு, ஆனா’ என்று ஓர் இனம் நம் நடுவே உலவி வருகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களுக்குத் தனிக் கட்டம் கிடையாது. அதனால் மொத்தம் எத்தனை பேர் என்று என்னால் சொல்ல முடியாது. தெருவுக்கு ஒருவர், கல்யாண வீட்டுக்கு மூவர், அரசாங்க ஆபீசுக்கு மேலதிகாரிகள் அத்தனை பேரும் என்று உத்தேசமாக வைத்துக்கொள்ளுங்கள். கெடுக்க வேண்டும் என்றே வருகிறவனை நாயை அவிழ்த்துவிட்டு விரட்டிவிடலாம். நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக்க வருகிறவரை என்ன செய்வீர்கள்? நாற்காலி எடுத்துப் போட்டு, காப்பி கொடுத்து, போதும் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பீர்கள்.

அடையாளம் சொல்கிறேன். கொடைக்கானல் டவர் வந்த புதிதில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பியவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை, பாட்டுப் போடுகிற நேரம், பாதித் தெரு உங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறது. கீழேயிருந்து பத்துக் குரல் ஒன்றாகத் “தெரியுது, தெரியுது” என்கிறது. மேலே இருப்பவர் இறங்கி வர வேண்டியதுதானே? மாட்டார். தெளிவாகத் தெரிந்த பிறகும் இன்னும் ஒரு சுற்றுத் திருப்புவார். திரையில் புள்ளி மழை கொட்டும். அதற்குப் பிறகு பாட்டெல்லாம் முடிகிறவரை பழைய இடம் அவர் கைக்கு அகப்படாது. கடைசியில் வேட்டியைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்து, டவரிலேயே கோளாறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். குரூப் போட்டோவில் காமிராக்காரர் ரெடி சொன்ன பிறகு பக்கத்து ஆளின் காலரைச் சரிசெய்யக் கையை நீட்டி, மாப்பிள்ளையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் தம் புறங்கையைப் பதிய வைப்பவரும் இவரேதான்.

இந்த இனத்தின் முழு மாதிரி ஒன்றை எண்பத்தெட்டாம் வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தொழிற்பள்ளியில், ஒரே பெஞ்சில், என் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவர் பெயர் காளிராஜ்.

அந்தப் பள்ளியில் வயர்மேன், தையல், டைப்ரைட்டர் மெக்கானிக் எல்லாம் ஏற்கெனவே உண்டு. எந்தப் புண்ணியவான் சொன்ன யோசனையோ, அந்த வருஷம் புதிதாக இசைக்கருவி பழுதுபார்ப்பு என்று ஒரு வகுப்பையும் தொடங்கினார்கள். சேர்ந்தவர்கள் ஏழு பேர். ஐந்து பேர் உதவித்தொகைக்காக வந்தவர்கள். ஆறாவது ஆள் தவசிமுத்து, அதாவது நான், பி.காம். முடித்து இரண்டு வருஷம் வேலை தேடி அலுத்து, பகலில் வீட்டில் இருந்தால் மாமனார் வந்துவிடுவாரே என்ற பயத்தில் சேர்ந்தவன். ஏழாவது ஆளான காளிராஜ் ஒருவர்தான் உண்மையிலேயே கற்றுக்கொள்ள வந்தவர். ஆபத்து அங்கேதான் இருந்தது.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பதினான்கு வருஷம் ஃபிட்டராக இருந்தவர் அவர். மில்லில் கதவடைப்பு; கை சும்மா இருக்கவில்லை; பஸ் ஏறி இங்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். யார் வீட்டில் பம்பு நின்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பார், ஒரு டீக்குக்கூடக் கை நீட்ட மாட்டார். ஆனால் பதினான்கு வருஷப் பழக்கம் ஒன்று அவர் காதில் உட்கார்ந்திருந்தது. மில்லில் ஒரு மெஷினிலிருந்து சத்தம் வந்தால் அது கோளாறு. ஆர்மோனியத்திலிருந்து சத்தம் வந்தால் அதற்குத்தானே அதை வாங்குகிறார்கள்? இந்த வித்தியாசம் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை.

எங்களுக்குப் பாடம் எடுத்த சமுத்திரம் சார் பாண்டு செட்டுக்காரர்களின் கிளாரினெட்டுகளைப் பழுதுபார்த்துக் காலந்தள்ளியவர். வருகைப் பதிவேடு எடுப்பார், டீ குடிக்கப் போவார், திரும்பி வந்து மீதிப் பேருக்கும் வருகை போடுவார். அவர் சொல்லிக்கொடுத்ததில் உருப்படியானது ஒன்றே ஒன்று. ஆர்மோனியத்துக்குள்ளே கட்டைக்கு ஒன்றாகப் பித்தளை நாக்கு இருக்கும், ரீடு என்பார்கள். அதன் நுனியை லேசாகச் சுரண்டினால் சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். “ஒரு தடவை சுரண்டு, மூணு தடவை கேளு” என்பார் சார். காளிராஜ் அதைப் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டு, மூன்று தடவை சுரண்டிவிட்டு ஒரு தடவை கேட்பார். ஏற்றியது கூடிவிட்டால் அடியில் சுரண்டி இறக்குவார். இறக்கியது கூடிவிட்டால் நுனியில் சுரண்டி ஏற்றுவார். ஏற்றம் உண்டு, இறக்கம் உண்டு. சுரண்டிய பித்தளையை மறுபடி ஒட்டுவதற்கு மட்டும் எந்தப் பள்ளியிலும் பாடம் கிடையாது.

முதலில் ஒரு மிருதங்கம் போயிற்று. பஜனை மடத்துக்காரர்கள் வார் தளர்ந்திருக்கிறது என்று கொண்டுவந்து வைத்தது. வாரை இழுத்துக் கட்டியதும் நாதம் கணீரென்று பேசியது. நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். நல்லாத்தான் இருக்கு, ஆனா, என்று தொடங்கினார் காளிராஜ். கல்லால் இன்னும் நாலு தட்டுத் தட்டினார். ஐந்தாவது தட்டுக்குத் தோல் பிளந்தது. அடுத்தது ஒரு வயலின். தந்திகளைத் தாங்கி நிற்கிற கட்டைக்குக் குதிரை என்று பெயர். அது ஒரு நூல் அளவு உயரம் கூடுதல் என்று பட்டுவிட்டது அவருக்கு. அரத்தை எடுத்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதைப் பழமொழியில் கேட்டிருக்கிறேன். குதிரை தேய்ந்து கட்டெறும்பு ஆனதை அந்தப் பெஞ்சில்தான் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் வருத்தம் இருக்கும், சந்தேகம் இருக்காது. சாமான் மட்டம் என்பார்.

இத்தனையும் கண்ணால் பார்த்த ஒருவன் தன் வீட்டு ஆர்மோனியத்தை அந்தப் பெஞ்சுக்குக் கொண்டுபோவானா? கொண்டுபோனேன்.

என் மனைவி ஜெயபாய் நன்றாகப் பாடுவாள். செட்டியார்பட்டியில் எங்கள் சர்ச்சில் பாட்டு நடத்துவது அவள்தான். ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை காலியாகி, திங்கட்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ என்று அவளுக்குக் கார்டு வந்தது. சொந்த ஆர்மோனியத்தோடு வர வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. எங்கள் இருவரில் யாருக்காவது மாதச் சம்பளம் என்று ஒன்று வருமானால் அது அவளுக்குத்தான் வரும் என்பது ஊருக்கே தெரியும். என் மாமனார் அதை ஊருக்கு வெளியேயும் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுடைய ஆர்மோனியப் பெட்டியில் ஒரே ஒரு குறை. துருத்தியில் எலி கடித்து ஓட்டை விழுந்து, காற்று நிற்கவில்லை. எங்கள் தொழிற்பள்ளியில் கொடுத்தால் காசில்லாமல் ஆகிவிடும் என்று சனிக்கிழமை காலையில் தூக்கிக்கொண்டு போனேன். கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

“ஓட்டையை மட்டும் அடைச்சுட்டுக் கொண்டாங்க. வேற ஒண்ணையும் தொட விடாதீய.”

சமுத்திரம் சார் ஆட்டுத்தோல் ஒரு துண்டு வெட்டி, பசை தடவி, ஒரு மணி நேரத்தில் ஓட்டையை அடைத்துவிட்டார். துருத்தியை அமுக்கிப் பார்த்தேன், காற்று நின்றது. சார் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். நானும் கிளம்பியிருக்க வேண்டியது. பசை காயட்டும் என்று உட்கார்ந்தேன். காளிராஜ் பக்கத்தில் வந்து ஒவ்வொரு கட்டையாக அமுக்கிக்கொண்டே போனவர் ஒன்றில் நின்றார்.

“ஏலே தவசி, இந்த நாலாங்கட்டையைக் கேளு. நல்லாத்தான் இருக்கு. ஆனா செத்த இறங்கி இருக்குலே.”

கேட்டேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் எட்டு மாதம் அந்த வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவன், காது இல்லை என்று எப்படி ஒப்புக்கொள்வது? நெற்றியைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, பெரிய வித்வான் போல இன்னொரு முறை கேட்டேன்.

“ஆமா அண்ணாச்சி. செத்த இறங்கித்தான் இருக்கு.”

அவ்வளவுதான். பெட்டி திறந்தது. நாலாங்கட்டையை ஏற்றினார். அதை ஏற்றியதும் ஒன்றாங்கட்டை இறங்கியது போலத் தோன்றியது, அதையும் ஏற்றினார். இப்போது நாலு கூடிப்போயிற்று என்று அடியில் சுரண்டினார். ஒன்று சும்மா இருக்குமா, அதையும் இறக்கினார். நடுவில் இரண்டு தடவை எல்லாம் சரியாக இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். போதும் அண்ணாச்சி என்றேன். இன்னுங் கொஞ்சம் என்றார். வெங்காயத் தோல் போல மெலிந்துபோன நாலாங்கட்டை ரீடு கடைசியாக ஒரு தடவை கிர்ரென்று முனகிவிட்டு ஓய்ந்தது. அதற்கு ஒத்து வைக்கப் போன ஒன்றாங்கட்டையும் பின்னாலேயே போயிற்று. புது ரீடு மதுரையிலிருந்துதான் வர வேண்டும். சனிக்கிழமை சாயந்திரம் ஆகிவிட்டது. மறுநாள் ஞாயிறு, கடை கிடையாது.

காளிராஜ் ரீடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாமான் மட்டம் என்றார்.

வீட்டில் ஜெயபாய் பெட்டியைத் திறந்து வரிசையாக அமுக்கிக்கொண்டு வந்தாள். ஊமைக் கட்டைகளில் விரலை இரண்டு முறை வைத்து எடுத்தாள். யாரு சுரண்டுனது என்று கேட்டாள். காளிராஜ் பெயரைச் சொன்னேன். நீங்க பக்கத்துல இல்லையா என்றாள். டீ குடிக்கப் போயிருந்தேன் என்றேன். கல்யாணமாகி நான் சொன்ன பொய்களில் சின்னது அதுதான், இன்றுவரை குத்துவதும் அதுதான். அவள் திட்டவில்லை. பெட்டியை மூடினாள். கார்டை எடுத்து ஒரு முறை படித்தாள்.

ஐந்தாங்கட்டையை ஷட்ஜமாக, அதாவது ‘ஸ’வாக, வைத்துப் பாடுகிறவள் அவள். அங்கிருந்து எண்ணினால் செத்துப்போன இரண்டும் ‘ம’ என்கிற மத்தியமமும் ‘நி’ என்கிற நிஷாதமும். இரண்டும் இல்லாமல் நடக்கிற ராகம் ஒன்று இருக்கிறதே.

“மோகனத்துக்கு இதுக ரெண்டும் வேண்டாம்,” என்றாள். “மோகனமே பாடிட்டு வாரேன். வேற என்னமும் கேட்டா கேக்கட்டும், வேலை போனா போவுது.” கடைசி இரண்டு வார்த்தை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஜெயபாயோடு பெண்கள் பள்ளி வாசலுக்குப் போகிறேன், காளிராஜ் சைக்கிளோடு நிற்கிறார். கேரியரில் டூல்ஸ் பை. இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை என்று அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மற்றக் கட்டைகளையாவது ஒரு பார்வை பார்த்துவிடலாம், அரை மணி இருக்கிறதே, செத்த நேரம் குடு தங்கச்சி என்றார். ஜெயபாய் என் தோளிலிருந்து பெட்டியை வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் அண்ணாச்சி. அதுல மிச்சம் இருக்கது எனக்கு வேணும்.”

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நாங்கள் இருவரும் வராந்தாவில் ஜன்னலுக்கு அடியில் நின்றோம். மோகனத்தில் ஒரு கீர்த்தனை பாடினாள். அறைக்குள் யாரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு தலைமையாசிரியையின் குரல் வந்தது. அடுத்து என்ன கேட்பாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். பிள்ளைகள் தினமும் காலைப் பிரேயரில் எழுந்து நின்று பாடும் வாழ்த்துப் பாட்டை வாசித்துக் காட்டச் சொன்னார். அதுவும் மோகனமாக அமைந்தது கடவுள் கிருபை. பள்ளிக்கூடமே எழுந்து நிற்கும்படி வாசித்தாள். எதிர் வகுப்புப் பிள்ளைகள் பழக்க தோஷத்தில் உண்மையிலேயே எழுந்து நின்றார்கள்.

ஜூன் முதல் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்தவளிடமிருந்து பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டேன். காளிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசார வாழ்த்தினார். வாழ்த்திவிட்டுச் சும்மா போயிருந்தால் அவர் வேறு இனம் ஆகியிருப்பார்.

“நல்லாத்தான் இருந்துச்சு தங்கச்சி. ஆனா அந்த ரெண்டு கட்டையும் இருந்திருந்தா இன்னுங் கொஞ்சம் எடுப்பா இருந்திருக்கும்.”

சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார். அடுத்த தெரு திரும்புகிறவரை நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்படியும் ஒரு மனுஷரா என்றேன் நான். பெரிய நியாயஸ்தன் போல.

செட்டியார்பட்டி பஸ்ஸில் இடம் கிடைத்தது. பெட்டி எங்கள் இருவர் மடியிலுமாக. ஜெயபாய் ஜன்னலோரம் உட்கார்ந்து, தனக்குத்தானே அந்தக் கீர்த்தனையை மெல்லப் பாடிக்கொண்டு வந்தாள். மூன்று நாள் பாரம் இறங்கி, யாருக்காகவும் இல்லாமல் பாடுகிற பாட்டு. வெயிலும் காற்றுமாக அப்படி ஒரு சுகம். சும்மா கேட்டுக்கொண்டு வர வேண்டியதுதானே நான்? நாலாங்கட்டைக்கும் ஐந்தாங்கட்டைக்கும் வித்தியாசம் தெரியாத காது எனக்கு.

“அனுபல்லவியில மூச்சைச் செத்த முந்தியே எடுத்துட்டடி,” என்றேன்.

பாட்டு நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சனிக்கிழமை சாயந்திரம் ஊமைக் கட்டையைப் பார்த்த அதே பார்வை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர் வந்து சேர்கிறவரை பாடவில்லை. இறங்கி நடக்கும்போது அவள் கேட்காமலே டீக்கடைப் பொய்யை ஒப்புக்கொண்டுவிட்டேன். தெரியும் என்றாள்.

நீங்கள் இவ்வளவு நேரமும் காளிராஜை நினைத்துச் சிரித்திருப்பீர்கள். போகிற போக்கில் என்னையும் சேர்த்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது வாசலில் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுங்கள். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டோ, துணி மடித்துக்கொண்டோ யாராவது பாடிக்கொண்டிருக்கலாம். சற்று நேரம் நின்று கேளுங்கள், பிறகு உள்ளே போங்கள். உங்கள் தலையைக் கண்டதும் அந்தப் பாட்டு நின்றுவிட்டால், காளிராஜைத் தேடிக்கொண்டு நீங்கள் ராஜபாளையம் வரை வர வேண்டியதில்லை.