டெர்பீனின் துளசித் தொட்டிகள்

தாம்பரத்தில் கண்ணை மூடிக்கொண்டே வாசனையை வைத்து எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்து மாடி அறையொன்றில் என்னோடு குடியிருந்த டெர்பீன். செடிகளுக்கு வாசனை தரும் எண்ணெய்ப் பொருள்களுக்கு டெர்பீன் என்று பெயராம். அதைத்தான் அவர் ஆராய்ந்தார். மூச்சுக்கு மூச்சு அதையே சொன்னதால் அவருடைய சொந்தப் பெயர் காணாமல் போனது.

மொட்டைமாடியில் எலுமிச்சைத் துளசியையும் திருநீற்றுப்பச்சிலையையும் மகரந்தம் மாற்றிக் கலந்து புது ரகம் உண்டாக்கிக்கொண்டிருந்தார். நாற்று வந்ததும் கசக்கி மோந்து பார்ப்பார். மூக்குக்குப் பிடித்தது பிழைக்கும். மூக்கு எங்களையும் விடாது. "நேத்து பஸ்ல மல்லிப்பூ பக்கத்துல உக்காந்தியாடா?"

ஒருநாள் படிக்கட்டில் எனக்குப் பாடம் நடந்தது. "கஞ்சாவுலயும் இதே கதைதான். போதை வேற, வாசனை வேற. எலுமிச்சைத் தோல்ல இருக்கற லிமோனீன் சில ரகத்துல உண்டு. மாங்கா வாசனை தர்ற மிர்சீனும் உண்டு. வெளிநாட்டுல மோந்து பாத்துதான் தாய்ச்செடியத் தேர்ந்தெடுக்கறான். நானும் மாடியில அதையேதான் பண்றேன்."

கீழே அரிசி புடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கார நூர்ஜஹான் அக்காவின் காதில் 'கஞ்சா', 'மாடி', 'நானும்' மட்டும் விழுந்தன. மறுநாள் காலை சப்-இன்ஸ்பெக்டர் வந்தார்.

"இன்னா செடிப்பா இது?"

"துளசி சார். மோந்து பாருங்க."

மோந்தார். "எலுமிச்சம்பழ வாசனை கீது."

"கரெக்ட் சார். கஞ்சாவுலயும் சில ரகத்துல இதே வாசனை வரும்."

நான் டெர்பீனின் காலை மிதித்தேன்.

"ஏண்டா மிதிக்கற? உண்மைதானே."

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். சோதனை போட்ட காவலர்கள் தொட்டிகளைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். அங்கே டெர்பீன் ஏட்டின் டீயை மோந்து, ஏலக்காயின் டெர்பீன்களைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் தப்பா காதுல வாங்கிட்டேன் சார்" என்றார் அக்கா. "இந்தப் புள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வூட்லயே தப்பிச்சிருக்கும்."

"துளசின்னு எப்பவோ தெரிஞ்சிபோச்சும்மா. வாய மூட மாட்டேங்கறாரு. கூட்டிக்கினு போங்க" என்றார் எஸ்.ஐ.

மாடிக்கு வந்த டெர்பீன் சிதறிக் கிடந்த மண்ணையும் வேரையும் பார்த்தார். இரண்டு வருஷ உழைப்பு. அவர் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றுதான். பார்க்கப் பொறுக்கவில்லை.

அக்கா குனிந்து ஒடிந்த கிளையொன்றை எடுத்தார். இலையைக் கசக்கி மோந்தார்.

"தம்பி, இது இன்னா வாசனை?"

டெர்பீன் நிமிர்ந்து பார்த்தார். மெதுவாகத் தொடங்கினார். வெயில் ஏறி, சோறு ஆறிப்போகும்வரை பேசினார். நானும் அக்காவும் அசையவே இல்லை.