ஆறு மடங்கு ஈயமும் ஒரு விஞ்ஞான நாவலும்

மனிதகுலத்தின் சிந்தனை வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: எங்கள் குடிநீர் ஆய்வக இயக்குநர் நாவல் எழுதுவதற்கு முன், எழுதியதற்குப் பின். இரண்டு யுகங்களிலும் அங்கே தண்ணீர் அளக்கும் பாக்கியம் பெற்றவன் என்ற தகுதியில் இதைப் பதிவு செய்கிறேன். தேதிகளை நாட்குறிப்போடு ஒப்பிட்டுவிட்டேன். ஆனாலும் பிழை இருக்கலாம். என் கையெழுத்து அப்படி.

மார்ச் நான்காம் தேதி, என் அக்கா குடியிருக்கும் தெருவின் குழாய்த் தண்ணீரில் ஈயம் அனுமதித்த அளவைப்போல் ஆறு மடங்கு இருந்தது. நான்தான் தப்பாக அளந்திருப்பேன் என்று இன்னும் மூன்று முறை அளந்தேன். ஈயம் இறங்கி வரவில்லை.

அன்று மாலையே அக்காவிடம் ஓடினேன். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பெண்.

"கொதிக்க வச்சுத்தானேடா குடுக்கிறேன்?"

"கொதிச்சா ஈயம் போகாதுக்கா."

"வேற தண்ணிக்கு நான் எங்கடா போவேன்? தெருவுல நாப்பது வீடு இருக்கு. நீ சொன்னேன்னா சிரிப்பாங்க. சீல் வச்ச தாள் ஒண்ணு வாங்கிக் குடு, குழாயை மாத்துற வரைக்கும் நான் விடமாட்டேன்."

தாளுக்கு இயக்குநர் கையெழுத்து வேண்டும். இயக்குநர் கையெழுத்துக்கு மேலிடக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அறுபது பக்க அறிக்கை மேலே போயிற்று. ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தது. குழுத் தலைவர் ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார்: 'கற்பனை வளம் மிகுதி. நம்பும்படி இல்லை.'

சாதாரண விஞ்ஞானியாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். எங்கள் இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா தம்பி? முப்பது வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் இப்படிப் பாராட்டினதில்ல."

"சார், அது பாராட்டு இல்லையோன்னு... எனக்குத் தப்பாவும் பட்டிருக்கலாம்."

"முதல் வரி பாராட்டு. ரெண்டாவது விமர்சனம். நம்புற மாதிரி எழுதணும்ங்கிறார். தெருவை எடுத்துட்டுக் கிரகம்னு போடு."

போட்டேன். மாலை வகுப்பில் தட்டச்சு பழகியவன் ஆய்வகத்தில் நான் ஒருவன்தான் என்பதால் அந்த 'வரலாற்றுக் கடமை' என் தலையில் விழுந்தது. நாற்பது வீடுகள் நாற்பது விண்கலங்களாயின. துருப்பிடித்த குழாய் 'அண்டவெளி நாளம்' ஆயிற்று. ஈய அளவில் மட்டும் கை வைக்கக் கூடாது என்றார்.

"அறிவியல் புனைகதையில அறிவியல் சுத்தமா இருக்கணும், தம்பி."

தண்ணீரைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை.

"சார், அந்த சீல் வச்ச தாள்?"

"கதையை முன்னாடியே வெளிய விட்டா புக்கை யாரு வாங்குவா?"

நூல் வெளியீட்டுக்குத் தலைமை, அதே குழுத் தலைவர். "இந்த ஈயத்தைப் படிக்கும்போது உடம்பே நடுங்குகிறது! இவ்வளவு நம்பும்படி எழுத யாரால் முடியும்?" என்று முழங்கிவிட்டு, கடையில் வாங்கிய, மூடி திறக்காத தண்ணீர்ப் புட்டியைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

கையெழுத்து வாங்கும் வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா நின்றாள்.

"சார், இந்த ஆறு மடங்கு எங்க தெருத் தண்ணிதானே?"

"இது வேற கிரகம்மா. முழுக்க முழுக்கக் கற்பனை."

'அன்புடன்' என்று எழுதி, ஐந்து மாதமாக எந்தத் தாளுக்கும் கிடைக்காத அந்தக் கையெழுத்தை முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் அக்கா புத்தகத்தை என் மடியில் போட்டாள். "எல்லாம் நம்ம தெருவாத்தானேடா இருக்கு? கற்பனைன்னாரே, அது எங்க?"

எனக்கும் சந்தேகம். அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டேன். ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அளவைப் பார்த்த அன்றே அந்தக் கிரகத்து விஞ்ஞானி வெளியே ஓடிவந்து, "யாரும் குடிக்காதீங்க!" என்று கத்துகிறார்.