முற்றத்துக்கு மூன்று ஷிப்ட்

"ஞாயித்துக்கிழமை வர்றேன்ப்பா. வீட்டைப் பாக்கணும். உங்ககிட்ட ஒரு விசயமும் பேசணும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் முனிசாமி போனை வைத்துவிட்டார்.

தங்கதுரை போனைக் கையில் வைத்துக்கொண்டே கணக்குப் போட்டான். வாடகையைக் கூட்டுவதென்றால் அவர் போனிலேயே கூட்டிவிடுவார். வீட்டுக்காரர் நேரில் வந்து பேசுகிற விஷயம் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

"லட்சுமி, காலி பண்ணச் சொல்லப் போறாரு!"

"ஐயையோ, சுவாதிக்குப் பத்தாவது பரீட்சை வருதே!" என்று மனைவி ராஜலட்சுமி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

அவள் அலறியதில் நியாயம் இருந்தது. சிப்காட்டில் அவன் கம்பெனிக்கும் நடந்தே போகலாம், மகளின் பள்ளிக்கூடத்துக்கும் நடந்தே போகலாம் என்கிற மாதிரி ஓசூரில் இன்னொரு வீடு, விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

ஆனால் தங்கதுரை கன்னத்தில் கை வைத்து உட்காருகிற ஆள் இல்லை. கோவில்பட்டியிலிருந்து வந்து லைன் சூப்பர்வைசர் ஆனவன். பிரச்சினை என்றால் போர்டில் எழுதி, மூலகாரணத்தைச் சுற்றி வட்டம் போட்டுத்தான் அவனுக்குப் பழக்கம். அன்று போர்டு இல்லாததால் காலண்டரின் பின்பக்கத்தில் போட்டான்.

"முனிசாமி அண்ணாச்சி யாரு? தளியில ரோஜாத் தோட்டம் வச்சிருக்கிறவரு. நம்ம முத்தத்துல என்ன இருக்கு? வெறும் சிமெண்டு! அதைப் பாத்தா அவரு மனசு என்ன பாடுபடும்?"

"அதுக்கு?"

"முத்தத்தைத் தோட்டமாக்குதோம். பாத்த உடனே மனுசன் உருகிரணும்!"

சொல்லி முடித்ததும் அவனுக்கே புல்லரித்தது.

முற்றம் என்பது சமையலறைக்குப் பின்னால், மதில்களுக்கு நடுவே, இரண்டு கட்டில் போடுகிற இடம். அதற்குள் ஒரு பிருந்தாவனத்தையே வரைந்தான். வெயில் விழுகிற சுவரில் சங்குப்பூக் கொடி. நிழல் மூலையில் பெரணி. பின்னால் உயரமாகச் செம்பருத்தி, முன்னால் குட்டையாக டேபிள் ரோஸ். நடுவே உட்கார ஒரு கல்பலகை.

"சின்ன இடத்துல தரையை நிரப்பக் கூடாது. சுவரைத்தான் நிரப்பணும்" என்று யூடியூப்பில் பார்த்ததைத் தன் கண்டுபிடிப்பாக எடுத்துவிட்டான்.

ராஜலட்சுமிக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "கறிவேப்பிலை ஒண்ணு வைங்க. அப்படியே கொஞ்சம் புதினா."

நர்சரியில் செடிகளும் ஒரு கல்பலகையும் வாங்கிப் போட்டுவிட்டு, டிராக்டர்காரர் ஆஞ்சப்பனிடம் செம்மண் கேட்டான். "எவ்ளோ வேணும் சார்?" என்றார் அவர். "தாராளமாப் போடுங்க" என்றான் இவன். ஆஞ்சப்பன் உண்மையிலேயே தாராளமான மனிதர். மாலையில் தங்கதுரை வேலை முடிந்து வந்தபோது முற்றத்தில் ஒரு மலை நின்றது. கல்பலகை அதற்கடியில் எங்கேயோ இருந்தது.

"இப்ப என்னங்க பண்றது?"

"சமமாப் பரத்திட்டாப் போச்சு. செடியை நேரா மண்ணுலயே வைக்கலாம். தொட்டிச் செலவு மிச்சம்!"

பரப்பினார்கள். மண் சமையலறை வாசற்படி வரைக்கும் உயர்ந்தது. தண்ணீர் வெளியே போகிற ஓட்டையும் சேர்ந்து மூடிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. இவ்வளவு மண்ணுக்கு வாங்கிய செடி காணாது என்று தோன்றவே, தங்கதுரை மறுபடியும் நர்சரிக்கு ஓடி, ஒரு ஆட்டோ நிறையச் செடியோடு திரும்பினான். டிரைவருக்கு முன்னால் பாதை தெரிகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டிருந்தான்.

அதற்கப்புறம்தான் அவனுக்குள் இருந்த சூப்பர்வைசர் முழுசாக விழித்துக்கொண்டான். பாத்தி ஓரத்துச் செங்கல்லுக்கெல்லாம் மஞ்சள் பெயிண்ட் அடித்தான். ஒவ்வொரு செடிக்கும் பெயர் எழுதி அட்டை மாட்டினான். தண்ணீர் ஊற்ற மூன்று ஷிப்ட் போட்டான். காலை அவன், மத்தியானம் மனைவி, சாயங்காலம் மகள்.

"அப்பா, ஒரே செடிக்கு மூணு வேளையும் ஊத்தினா அழுகிடாதா?" என்றாள் சுவாதி.

"மெஷின் மூணு ஷிப்டும் ஓடலையா? அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைக்கும்போது ஒரு குறை இருக்கக் கூடாது, தெரிஞ்சுக்கோ!"

குறை வைக்கவே இல்லை. அடுத்த ஆள் குத்தம் சொல்லிவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் ஒரு குடம் கூடவே ஊற்றினார்கள். சனிக்கிழமை காலையில் ராஜலட்சுமி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

"ஏங்க! அரிசி டப்பா மேல தவளை உக்காந்திருக்கு!"

தண்ணீர் சமையலறைக்குள் வந்துவிட்டது. தங்கதுரை கடப்பாரையை எடுத்துக்கொண்டு, மூடிப்போன ஓட்டையைத் தேடிக் குத்தினான். ஓட்டை கிடைக்கவில்லை, போர் தண்ணீர்க் குழாய் கிடைத்தது. தண்ணீர் அவன் தலைக்கு மேலே பீய்ச்சியடித்தது. வேட்டித் துணியைச் சுற்றினான், டேப்பைச் சுற்றினான், சைக்கிள் டியூபையும் சுற்றினான். ஆனாலும் முழங்கால் உயரத்துக்கு அது பூவாகச் சிதறிக்கொண்டேதான் இருந்தது. தெப்பமாக நனைந்து நின்ற தங்கதுரையின் முகம் திடீரென்று மலர்ந்தது.

"லட்சுமி, இது நீரூற்று! சுத்தி நாலு கல்லை வச்சுட்டோம்னா மைசூர் தோத்துரும்!"

ஞாயிற்றுக்கிழமை முனிசாமி தன் மனைவி பாப்பம்மாவோடு காரில் வந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் கால் வைத்தார். மஞ்சள் செங்கல்லைப் பார்த்தார், அட்டைகளைப் பார்த்தார், நீரூற்றைப் பார்த்தார். அவர் முகம் பேயறைந்தது போல ஆனது.

"ஏம்ப்பா, இதெல்லாம் எடுத்துட முடியுமா?" என்றார்.

தங்கதுரை நெஞ்சை நிமிர்த்தினான். "எடுக்கவே முடியாது அண்ணாச்சி! வேரு பிடிச்சாச்சு. செம்பருத்தி மதிலுக்கு மேல வரும். சங்குப்பூ வீடு பூராம் படரும். அது விதை விழுந்து விழுந்து முளைச்சுக்கிட்டே கிடக்கும்!"

முனிசாமி மனைவியின் காதில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, விடுவிடுவென்று வெளியே போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"போச்சு லட்சுமி, எல்லாம் போச்சு" என்று தங்கதுரை ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். அத்தனை நாள் பட்ட பாடும் வீணாகிவிட்டதே என்று அவனுக்கு அழுகையே வந்தது.

ராஜலட்சுமி பாப்பம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எம்பொண்ணு பரீட்சை முடியிற வரைக்குமாவது..."

"அழுவாத கண்ணு" என்றாள் பாப்பம்மா. "ரோஜாவுக்கு மருந்தடிச்சு மருந்தடிச்சு வெறுத்துப் போயி, செடியே கண்ணுல படாத எடம் நம்ம சிமெண்ட் முத்தம் ஒண்ணுதான், உங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டு இங்கயே வந்துடலாம்னுதான் கூட்டியாந்தாரு. இப்ப, 'ஆயுசுக்கும் அவங்களே இருந்துக்கட்டும், நீ சீக்கிரம் வா, போலாம்'ங்கறாரு!"