கறுங்கோட்டைப் பிரபுவுக்கு முல்லைக்காரன் நல்லரத்தினம் எழுதுவது

வீட்டுத்திட்டம்,
தன்னாமுனை,
மட்டக்களப்பு.
14.03.2011

கறுங்கோட்டைப் பிரபு அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் கோட்டையின் தெற்கு வயல்வட்டையில் இரண்டு ஏக்கர் செய்யும் குடியானவன் ரதீஸின் தகப்பன் நல்லரத்தினம் மரியாதையோடு எழுதுவது. தாங்களும், தங்கள் குதிரைகளும், கோபுரத்தில் கட்டியிருக்கும் அந்த நெருப்புக் கக்கும் பிராணியும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் மனைவி புஸ்பமும் இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

கணினி விளையாட்டுக்குள் இருக்கும் இராச்சியத்துக்கு நீங்கள் பிரபு என்றும், வெளியே நீங்கள் நோர்வேக்காரராக இருக்கலாம் என்றும் றிக்கி சொன்னார். பட்டணத்தில் நெற் கபே வைத்திருக்கும், போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிக்காரர் அவர். இந்தக் கடிதத்தை இங்கிலீசில் மாற்றி உங்களுக்கு அனுப்பப்போகிறவரும் அவர்தான். நோர்வேக்காரர் முன்பும் சமாதானத்துக்கென்று எங்கள் நாட்டுக்கு வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். நீங்கள் வரவேண்டாம். வாசித்தால் போதும்.

உங்கள் அறிவித்தல் கிடைத்தது. “காணி முப்பது நாட்களாக விதைக்கப்படவில்லை. குடியானவன் இறந்தானா, ஓடிப்போனானா என்று பௌர்ணமிக்கு முன் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் காணி கோட்டைக்குச் சேரும், குடியானவன் அழிக்கப்படுவான்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

விதைக்காதது என் பிழை. மகன் இல்லாத இந்த இரண்டரை வருடமும் அவன் காணியை நான்தான் பார்க்கிறேன். கடவுச்சொல் அவன் தங்கச்சியின் பெயர், அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. இதுவரை றிக்கி விதைத்துத் தந்தார். இந்தப் போகம் நானே முறைப்படி செய்யலாம் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ஆரம்பக் கூட்டம் வைத்து, தண்ணீர் திறக்கும் நாளும் விதைக்கும் நாளும் குறித்த பிறகுதான் வயலில் இறங்குவோம். முந்தி விதைத்தவன் எல்லாரிடமும் ஏச்சு வாங்குவான். ஆகவே உங்கள் கூட்டத்துக்காக முப்பது நாள் காத்திருந்தேன்.

“கூட்டம் வைச்சிட்டாங்களா மனே?” என்று றிக்கியிடம் தினமும் கேட்டேன்.

“அங்கிள், இது கேம். கூட்டமெல்லாம் இல்ல. மவுசை அமத்தினா விதைக்கும்.”

“அப்ப தண்ணி எப்ப துறப்பாங்க?”

“தண்ணி எப்பவும் இரிக்கு அங்கிள்.”

எப்போதும் தண்ணீர் இருக்கும் வட்டையை நான் கண்டதில்லை, நம்பவும் இல்லை. நம்பியிருக்க வேண்டும். ஆனால் மரியாதையில் நான் குறை வைக்கவில்லை. போன வருடம் கூலிக்கு அரிவு வெட்டிய வயலில் தந்த புது அறுவடைப் புதிரரிசியில் ஒரு கொத்தும் வெற்றிலையும் கொண்டுபோய், முதல் விளைச்சல் காணிக்காரருக்கு என்று கணினியில் தெரிந்த உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தேன். றிக்கி அதைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார். உங்களுக்கு வராததற்கு நான் பொறுப்பில்லை.

உங்கள் காணிச் சட்டத்தையும் அவர் வாசித்துக் காட்டினார். பத்தொன்பது வருடம் வாவிக்கு அப்பால் வினாயகமூர்த்திப் போடியாரின் வயலில் முல்லைக்காரனாக நின்றவன் நான். போடியார் என்றால் காணிக்குச் சொந்தக்காரர். முல்லைக்காரன் என்றால் அவருக்காக அதில் சேறு மிதிப்பவன். ஆகவே உங்கள் சட்டம் எனக்குப் புதிதில்லை, வாள் மட்டும்தான் கூடுதல். பன்னிரண்டு போகம் செய்த குடியை எழுப்ப முடியாது என்கிறது உங்கள் ஆறாம் விதி. நான் செய்தது முப்பத்தெட்டுப் போகம். 2007இல் அறுவடை முடிந்த கையோடு ஷெல்லுக்கு இடம்பெயர்ந்து, திரும்பி வந்தால் வரம்பில் முட்கம்பி. போடியார் கொழும்பில் இருந்து போனில் பேசினார். “நல்லரத்தினம், நான் வித்துட்டன்கா. குறை நினையாத.” நான் என்ன நினைக்க வேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்துவிட்டார்.

ஒன்பதாம் விதியை நான் இரண்டுமுறை வாசிக்கச் சொன்னேன். அந்தப் பிராணி நெருப்புக் கக்கி வீட்டை எரித்தால் அதே இடத்தில், அதே அளவில் பிரபு வீடு கட்டித்தர வேண்டுமாம். எங்களுக்கு வந்தது கடல். களுவாஞ்சிக்குடிக் கடற்கரையில் என் மகள் தக்‌ஷாயினிக்குச் சீதனமாக அறை அறையாகக் கட்டிய வீட்டையும், தகரப் பெட்டியில் இருந்த காணி உறுதிப் பத்திரத்தையும், பதினான்கு வயதில் அந்த வீட்டுக்கு உரியவளையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோனது. வீடு கேட்டுப் போன அரசாங்கக் கந்தோரில் “உறுதி எங்க?” என்று கேட்டார்கள். “கடலுக்குள்ள ஐயா” என்றேன். பகிடி விடுகிறேன் என்று ஏசினார்கள். பிறகு கடலில் இருந்து இருநூறு மீற்றருக்குள் ஏழைகள் கட்டக்கூடாது என்றார்கள். ஏழைகள் என்று சொல்லவில்லை, ஆனால் இப்போது அந்த இடத்தில் ஒரு விடுதி நிற்கிறது. அங்கே படுப்பவர்களைக் கடல் தொடாது போலும்.

இனி மகனின் விடயம். 2008 ஆவணியில் ஒரு பின்னேரம் ரதீஸ் றிக்கியின் கடையில் இருந்து சைக்கிளில் வெளிக்கிட்டான். மறுநாள் சைக்கிள் வீட்டுக்கு வந்தது. நாவற்குடாவில் வேலியோரம் கிடந்ததாக ஒருவர் கொண்டுவந்து தந்தார். அவன் வரவில்லை. பொலிஸ், முகாம், ஆணைக்குழு என்று நான் எழுதிய கடிதங்களில் இது நாற்பத்தொன்றாவது. நாற்பதுக்கும் பதில் இல்லை. தானாகவே எங்களுக்கு எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அதற்கு நன்றி.

உங்கள் வட்டையில் அவன் நீலச் சேட்டோடு வரம்பில் நிற்கிறான். போன அன்றும் நீலச் சேட்டுத்தான். ஒவ்வொரு வெள்ளியும் புஸ்பம் பஸ் ஏறி றிக்கியின் கடைக்குப் போய் அவனைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். மழை பெய்தால் “ஒரு குடையக் குடுக்க ஏலாதா?” என்று றிக்கியோடு சண்டை பிடிப்பாள். நீங்கள் அழிக்கப்போவது அவனைத்தான்.

இறந்தான் என்று நாங்கள் எழுத மாட்டோம். போன மாதம் ஒரு கந்தோரிலும் மரணப் பத்திரத்துக்கு ஒப்பம் கேட்டார்கள். “ஐயா, நீங்க அவன்ட உடம்பக் கண்டீங்களா?” என்று கேட்டாள் புஸ்பம். “இல்ல” என்றார் அதிகாரி. “மறுகா என்னெண்டு செத்தான் எண்டு எழுதுறீங்க?” என்று எழும்பி வந்துவிட்டாள்.

ஓடிப்போனான் என்றும் எழுத மாட்டோம். அந்தச் சொல்லுக்கு எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் குடும்பத்தில் ஒருவரும் நட்ட பயிரை நடுவில் விட்டு ஓடியதில்லை. அவன் ஓடவில்லை. அவனைக் கொண்டுபோனார்கள். அதற்கு உங்கள் சட்டத்தில் ஒரு சொல் இல்லை. எங்கள் நாட்டுச் சட்டத்திலும் இல்லை என்பதால் உங்களைக் குறை சொல்லவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். ‘இறந்தான்’, ‘ஓடிப்போனான்’ என்ற இரண்டுக்கும் கீழே, ‘வருவான்’ என்று மூன்றாவதாக ஒன்று எழுதிவிடுங்கள். அதுவரை காணியை எடுக்காதீர்கள், அவனை அழிக்காதீர்கள். நாளைக்கே விதைக்கிறேன், கூட்டம் கேட்கமாட்டேன்.

உங்கள் கோட்டைச் சுவர் உறுதியாக நிற்கவும், உங்கள் பிள்ளைகள் பொழுதுபட முன்னம் வீடு வந்து சேரவும் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
கு. நல்லரத்தினம்

பின்குறிப்பு: கடிதத்தைக் கொடுக்க றிக்கியின் கடைக்கு வந்த இடத்தில் புஸ்பம் ஒரு கேள்வி கேட்டாள். “ஓடிப்போனா என்ன செய்வாங்களாம் தம்பி?” நான் கேட்காத கேள்வி. றிக்கி பதினான்காம் விதியைத் தேடி வாசித்தார். ஓடிப்போன குடியானவனின் காணி கோட்டைக்குச் சேரும், வரம்பில் அவன் உருவம் அழிக்கப்படும், ஆனால் அவனைத் தேடப் பிரபு நாலு திசைக்கும் குதிரைவீரரை அனுப்ப வேண்டும். கோட்டை வாசல்தோறும் அவன் படம் ஒட்ட வேண்டும். எந்தச் சிறையானாலும் கதவைத் திறந்து காட்ட வேண்டும். கண்டுபிடிக்கும்வரை தேடலை நிறுத்தக் கூடாது.

“எல்லாக் கதவையும் துறப்பாங்களா?”

“ஓம் அன்ரி. ரூல் அப்படித்தான் இரிக்கு.”

“அப்ப இந்த மனிசன் என்னத்துக்கு இவ்வளவு எழுதினது? ஓடிட்டான் எண்டு எழுதுங்க.”

ஆகவே மேலே எழுதியவை அனைத்தையும் தள்ளிவிடுங்கள். என் மகன் ஓடிப்போனான். காணியை எடுத்துக்கொள்ளுங்கள், வரம்பில் நிற்பவனையும் அழித்துவிடுங்கள். போகும்போது வயது இருபத்திரண்டு. இடது புருவத்தில் வெட்டுக்காயம். நீலச் சேட்டு. குதிரைகளை அனுப்புங்கள்.