பொலிஸ் காவலில் அந்தோனியார் பாண்

அன்புள்ள தம்பி இக்னேசியஸுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே அனைவரும் சுகம். நீயும் மனைவி பிள்ளைகளும் கண்டியில் சுகமாக இருக்க அந்தோனியாரைத் தினமும் மன்றாடுகிறேன். இங்கே மழை விடவில்லை, உடுப்பு காயவில்லை. நிற்க.

பாண் கொண்டுபோன அன்றைக்கு எங்கள் டவுன் பொலிஸ் நிலையத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு ஒருவரும் மாற்றிச் சொல்லக் கூடாது. நான். பாண் ரொட்டிக் கூடையைத் தூக்கிவந்த உன் மச்சான் ஜெரோமி. மேசையில் கான்ஸ்டபிள் கிஷாந்த். அவருக்குப் பின்னால் சார்ஜன்ட் மிலான். அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு என்ட்ரி போட வந்த அழகுமுத்து. நான் கையோடு ஓட்டிவந்து வெளியே கொய்யா மரத்தில் கட்டியிருந்த நம் பசு லெச்சுமி. இவ்வளவுதான். அந்தோனியாரும் இருந்தார் என்பது என் விசுவாசம், ஆனால் அதை விசாரணையில் எழுதிக்கொள்ள மாட்டோம் என்கிறார்கள்.

லெச்சுமி கயிற்றை அறுத்துக்கொண்டு போனதும், நான் பொலிஸில் சொன்னதும், கிஷாந்த் தம்பி மழையில் தேயிலை மலையெல்லாம் ஏறித் தேடியதும், கடைசியில் அவள் பொலிஸ் நிலையத்துக்குப் பின்னாலேயே பொறுப்பதிகாரி ஐயாவின் லீக்ஸ் பாத்தியில் நின்று மேய்ந்துகொண்டிருந்ததும் உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், அவள் காணாமல் போன அன்றே நான் ஒரு நேர்த்தி வைத்திருந்தேன். அந்தோனியாரே, பசு கிடைத்தால் கண்டுபிடித்தவர் கையில் உம்முடைய பாணைக் கொடுக்கிறேன் என்று. ஊரெல்லாம் ஏழைகளுக்குத்தான் நேர்வார்கள். "நீயும் அப்படியே நேர்ந்திருக்கலாமே சிசிலி" என்று ஃபாதர் கேட்டார். நேரும்போது பொலிஸ்காரர் கண்டுபிடிப்பார் என்று நான் நினைக்கவில்லையே! ஆகவே செவ்வாய்க்கிழமை பூசையில் பாணை மந்திரித்து வாங்கி, வெள்ளைத் துணி மூடி, நேரே பொலிஸுக்குப் போனேன்.

கிஷாந்த் கூடையைப் பார்த்ததும் பாம்பைப் பார்த்ததுபோல் எழுந்துவிட்டார். "அம்மா, கும்பிட்டுக் கேக்குறேன், இத வாங்க முடியாதுங்க. வேலை போயிரும்." சுவரில் மூன்று மொழியிலும் ஒட்டியிருந்த இலஞ்ச நோட்டீஸைக் காட்டினார். "இது ஒங்களுக்கில்ல தம்பி, அந்தோனியாருக்கு" என்றேன். "அந்தோனியார் இங்க டியூட்டியில இல்லீங்களேம்மா" என்கிறார். அழகுமுத்து உடனே, "எனக்குக் குடுங்கக்கா, நான் எந்த டியூட்டியிலயும் இல்ல" என்று கையை நீட்டினான். அடையாள அட்டையைத் தொலைத்தவனுக்கு எப்படிக் கொடுப்பது? கண்டுபிடித்தவருக்குத்தானே நேர்த்தி! சார்ஜன்ட் மிலான் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் "எப்பா அம்மே, எப்பா" என்று வேண்டாமென்று கையசைத்தார். உன் மச்சான், "வா சிசிலி, போவோம்" என்று என் முந்தானையை இழுத்தார். நேர்த்திக்கென்று மந்திரித்து வெளியே கொண்டுபோன பாண் திரும்ப வீட்டு வாசற்படி ஏறக் கூடாது, உனக்கே தெரியும். நான் கூடையைச் சுவரோர வாங்குப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அந்தப் பிள்ளை சட்டப்படி நடந்தது, அதுதான் வினையாகிப்போனது. உரியவர் விட்டுச்சென்ற பொருள் என்று புத்தகத்தில் எழுதி, ஒரு துண்டுகூடத் தொடாமல், பொருள் வைக்கும் அறையில் கூடையோடு வைத்துப் பூட்டிவிட்டு, வந்து எடுத்துப்போகும்படி எனக்கு ஆள் அனுப்பினார். புனிதருடைய பாண், திருட்டு சைக்கிளுக்கும் கசிப்புச் சாராயப் போத்தலுக்கும் நடுவில்! எனக்குப் பொறுக்கவில்லை தம்பி. வாசலில் முறைப்பாட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறதல்லவா, அதில் எழுதிப் போட்டேன். பொறுப்பதிகாரி ஐயா படித்து, நாலு வார்த்தை ஏசி, கதவைத் திறந்துவிடுவார், பிள்ளைகள் பிய்த்துச் சாப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெட்டியின் சாவி மேலிடத்தில் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னது?

விசாரணைக்கு வந்த பெரியவர் தங்கமான மனுசன், ஆனால் கேள்வி கேட்டே உயிரை வாங்கிவிட்டார்.

"கான்ஸ்டபிள் கேட்டு வாங்குனாராம்மா?"

"இல்லீங்கய்யா, வேணாம்னு கும்பிட்டாரு."

"அப்ப எப்படி உள்ள போச்சு?"

"நான்தாங்க வச்சிட்டு வந்தேன்."

"சரி, அப்ப அது அரச காவல்ல உள்ள பொருள். காட்டுங்க."

கதவைத் திறந்தால் ஜன்னலோரம் கூடை இருக்கிறது, வெள்ளைத் துணி இருக்கிறது, பாண் இல்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே லெச்சுமி அசைபோட்டுக்கொண்டு நிற்கிறாள்! லீக்ஸ் ருசி பிடித்தவள், திரும்பவும் கயிற்றை அறுத்திருக்கிறாள். "ஹரக்கா கேவா, சார்" என்று மிலான் சார்ஜன்ட் மாடு தின்றுவிட்டதை சிங்களத்தில் அறிவித்தார். "யார் மாடு?" என்று கேட்டார் பெரியவர். நான் பொய் சொல்லுவேனா? "நம்மதுதாங்க" என்றேன். முறைப்பாட்டுக்காரியின் மாடே முறைப்பாட்டுப் பொருளைத் தின்ற கேஸ் தன் சேவைக்காலத்தில் இதுதான் முதலாவது என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது கிஷாந்த் தம்பிக்கு இரண்டு பக்கமும் அடி. அன்பளிப்பு என்றால் ஏன் உள்ளே எடுத்தாய்? காவல் பொருள் என்றால் ஏன் காக்கவில்லை? அவர் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருப்பதால் வேலை நிரந்தரமாகாமலே வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்களாம். அவர் அம்மா ராசம்மா தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் லயத்து வீட்டில் இருக்கிறாள். அந்த லயத்திலிருந்து காக்கி உடுத்த முதல் பிள்ளை அவர். நேற்றுக் கொழுந்துக் கூடையோடு நேரே என் வாசலுக்கு வந்து நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "எம்மவன் கை நீட்டியிருந்தா நானே தொடப்பத்தால அடிச்சிருப்பேன் சிசிலியக்கா. நீட்டாததுக்கு யாரு அடிக்கிறதுன்னு தெரியலையே" என்றாள். நான் கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்திருந்தாளே தவிர குடிக்கவில்லை.

பொலிஸுக்கு ஒழுக்கம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை தம்பி. ஒரு காலத்தில் என்ட்ரி போடப் போனால் முட்டையோ கோழியோ கொண்டுபோக வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டே போவோம். இந்தப் பிள்ளை மழையில் நனைந்து வந்தும் என்னிடம் ஒரு பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அப்படிப்பட்டவரை அனுப்பிவிட்டால் அடுத்தவர் எதைப் பார்த்து ஒழுங்காக இருப்பார்?

நீ அந்தப் பெரியவரின் விசாரணைக் கந்தோரிலேயே, அதே ஆபீசிலேயே சார்ஜன்ட். போனில் சொன்னபோது, "அக்கா, இதப்பத்தி எங்கிட்ட பேசவே கூடாது, அதுவே குத்தம்" என்று வைத்துவிட்டாய். பேசக் கூடாது என்றாய், சரி, அதனால்தான் எழுதுகிறேன். சலுகை வேண்டாம். சிபாரிசும் வேண்டாம். குற்றம் என்னுடையது, கயிறு என்னுடையது, மாடும் என்னுடையது என்பதை எங்கே, யாருக்கு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை மட்டும் சொல். நமக்குள் இருக்கட்டும். இனிமேல் எந்தப் பொலிஸ் நிலையத்துக்கும் ஒரு பாண் துண்டும் கொண்டுபோக மாட்டேன் என்று ஃபாதர் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உனக்கும் உன் தொப்பிக்கும் ஒரு குறையும் வராமல் அந்தோனியார் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா சிசிலி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மனம் கேட்கவில்லை. கிஷாந்த் தம்பியின் வேலை நிலைத்தால் அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர் கையில் பாண் தருகிறேன் என்று இன்னொரு நேர்த்தி வைத்துவிட்டேன். தபால் பிந்துமென்று, கடிதத்தையும் பாணையும் காலை ரயிலில் உன் மச்சானிடமே கொடுத்தனுப்புகிறேன். பயப்படாதே, உங்களுடையது கந்தோர்தானே, பொலிஸ் நிலையம் இல்லையே, வாக்கு மீறவில்லை. பெரியவரின் பெயர் தெரியாததால், கேட்டில் இருப்பவரிடம் உன் பெயரைச் சொல்லி, கிஷாந்த் விசாரணைக்காக இக்னேசியஸ் சார்ஜன்டின் அக்கா கொடுத்தது என்று புத்தகத்தில் தெளிவாகப் பதிந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பெரியவரிடம் முடிவு வந்த பிறகு கொடு, முன்னால் கொடுக்காதே. சட்டம் எனக்கும் தெரியும். அதுவரை ஜன்னல் பக்கம் வைக்காதே.

சீக்கிரம் பதில் போடு.