கண்ணாயிரம் கொடுத்த கோழி மனு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள், கண்ணாயிரம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையே காப்பாற்றுவது என்று முடிவு செய்துவிட்டார்.

காரணம், செல்போனில் வந்த வீடியோ. ஃபாஸ்ட் புட் கடையில் பொரிக்கிற கோழிக்குள் என்னென்ன கலக்கிறார்கள் என்று ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். சாயப்பொடியாம், ரப்பராம், துணி வெளுக்கிற மருந்தாம். எது நிஜம், எது சரடு என்று அவன் சொல்லவில்லை. கண்ணாயிரமும் கேட்கவில்லை.

"தங்கமணி! இனிமே இந்த வூட்டுக்குள்ள கடைக் கோழி வரக்கூடாது. பாஸ்ட் புட்டு தின்னா பாஸ்ட்டாவே போயிடுவோம்!"

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "சரிங்க."

"இன்னா சரி? ஏன்னு கேக்கமாட்டியா?"

"ஏங்க?"

"சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுல ஜீவா கடை இருக்குதுல்ல? செவப்பா ஒரு பொடி தடவிப் பொரிக்கிறான். அதுல இன்னா இருக்குதுன்னு ஆருக்குனா தெரியுமா?"

தங்கமணி கரண்டியைப் பார்த்தாள். "ஆருக்குனா தெரிஞ்சிருக்குங்க."

"நானு கண்டுபுடிக்கிறேன். ஆதாரத்தோட!"

ஆதாரம் சேர்க்க அன்று சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு சங்கராபுரம் போனார். கடைக்கார ஜீவா எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து சிரித்தான். "வாங்கண்ணா, இன்னா வேணும்?"

"நூறு கிராம் குடு. தின்னறதுக்கு இல்ல, பரிசோதனைக்கு."

ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, கெமிக்கலைத் தேடினார். அகப்படவில்லை. உள்ளே ஆழத்தில் ஒளிந்திருக்கும் என்று இன்னொரு நூறு கிராம் வாங்கித் தேடினார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். நாலு நாள் தேடியும் கெமிக்கல் சிக்கவில்லை, சிக்கன்தான் சிக்கியது. எலும்பைக்கூட விடாமல் விசாரித்தார்.

நாலாம் நாள் மடக்கிக் கேட்டார். "பொடி எங்கேர்ந்துடா வருது?"

"அது மட்டும் கேக்காதீங்கண்ணா. குடுக்கிறவங்க பேரைச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க."

பேரைச் சொல்லப் பயப்படுகிறவன் குற்றவாளிதானே? கண்ணாயிரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினார்.

"ஆதாரம் கெடைச்சுதாங்க?" என்றாள் தங்கமணி.

"நெறைய."

"கொஞ்சம் மீசையில ஒட்டிக்கினு இருக்குது பாருங்க."

அவர் துண்டால் துடைத்தபடி பேச்சை மாற்றினார். "திங்கக்கெழமை கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கப் போறேன். நீ எழுது. ஒன் கையெழுத்து நல்லாருக்கும்."

அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாயிரம் கைகளைப் பின்னால் கட்டி, கூடத்தில் உலாத்தியபடி சொன்னார். "ஜீவா கடைக் கோழிக்குத் தடவுற பொடியை ஆபீசருங்க நேர்ல வந்து சோதிக்கணும்."

"எங்க வந்து?"

"எங்க அரைக்கிறாங்களோ அங்க!"

"அரைக்கிற எடத்துக்கு வந்து..." என்று எழுதினாள். "சோதிச்சுப் பாத்து, நல்லாருந்துச்சுன்னா?"

கண்ணாயிரம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நல்லாருந்தா சர்ட்டிபிகேட் குடுக்கட்டுமே! கண்ணாடி போட்டுச் செவுத்துல மாட்டிக்கட்டும்!"

"சர்ட்டிபிகேட் தரணும்..." அதையும் எழுதினாள். "அரைக்கிற எடத்து வெலாசம்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் மனு குடுக்கிறேன்?"

"வெலாசம் இல்லாத மனுவைத் தூக்கிப் போட்டுருவாங்க. நான் பாத்துப் போட்டுக்கிறேன்."

அவர் பேர்தான் கண்ணாயிரம். மூக்குக் கண்ணாடி இல்லாமல் ஒரு வரி படிக்க முடியாது. போட்டால் வயசு தெரியும் என்று அதை பீரோவில் பூட்டி வைத்திருந்தார். தாளைக் கையில் வாங்கி, படிக்கிறவர் மாதிரி ரெண்டு தடவை தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை கள்ளக்குறிச்சியில் மூணு மணி நேரம் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தார். போர் ஜெயித்த ராஜா மாதிரி பஸ் ஏறி வந்தார்.

எட்டாம் நாள் வாசலில் ஜீப் நின்றது. உணவுப் பாதுகாப்பு ஆபீசரம்மா கையில் ஃபைலோடு இறங்கினார். கண்ணாயிரம் சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினார். "வாங்கம்மா! கடை பஸ் ஸ்டாண்டுல இருக்குது. நானே வழி காட்டுறேன்."

"கடை எதுக்குங்க? அரைக்கிற எடத்தைத்தானே பாக்கச் சொல்லியிருக்கீங்க?" ஆபீசரம்மா மனுவை விரித்து உரக்கப் படித்தார். "'ஜீவா கடைக் கோழிக்காக என் மனைவி தங்கமணி எங்கள் வீட்டில் அரைத்துத் தரும் மசாலாப் பொடியை நேரில் வந்து சோதித்து, நன்றாக இருந்தால் சர்ட்டிபிகேட் தர வேண்டுகிறேன். இப்படிக்கு, கண்ணாயிரம்.'" நிமிர்ந்து பார்த்தார். "பொண்டாட்டி தொழிலுக்காக வரிசையில நின்னு மனு குடுத்த புருசனை இப்பதாங்க பாக்குறேன்!"

கண்ணாயிரம் மனுவை வாங்கிக் கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார். தன் கையெழுத்து மட்டும்தான் தெரிந்தது.

தங்கமணி பின்கட்டு அறையைத் திறந்தாள். சாக்கு போட்டு வைக்கிற அறை என்றுதான் கண்ணாயிரம் இத்தனை நாளும் நினைத்திருந்தார். உள்ளே ஈயம் பூசின மாதிரி சுத்தம், வரிசையாக டின்கள். வாசனை அவர் மூக்கில் ஏறியது. நாலு நாள் பழகிய வாசனை!

"இதுல என்னென்ன போடுறீங்க?" என்றார் ஆபீசரம்மா.

"எங்க மொளகா, எங்க மஞ்சா. மல்லி, சோம்பு, பட்டை, காய வச்ச இஞ்சி. அவ்ளோதாங்க."

"கலர் பொடி?"

"மொளகாயே செவப்புதானேங்க."

ஆபீசரம்மா சோதனைக்கு ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு கண்ணாயிரத்தின் பக்கம் திரும்பினார். "அய்யா இந்தப் பொடி போட்ட கோழியைச் சாப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றால் ருசிகூடப் பார்க்காமல் மனு கொடுத்தவர். ஆமாம் என்றால் தான் போட்ட சட்டத்தைத் தானே மீறியவர். வாசலில் பாதித் தெரு கூடியிருந்தது.

"நாலு நாளு சாப்பிட்டுப் பாத்துட்டுதாங்க எழுதச் சொன்னாரு," என்று தங்கமணி கை கொடுத்தாள்.

"ஒடம்புக்கு எதுனா பண்ணுச்சா?"

"ஒ... ஒண்ணும் பண்ணலீங்க," என்றார் கண்ணாயிரம் ஈனஸ்வரத்தில். "பசிதான் ஜாஸ்தியாச்சு."

ஆபீசரம்மா அதையும் எழுதிக்கொண்டு போனார்.

ஜீப் தெரு முனை திரும்பியதும் கண்ணாயிரம் வெடித்தார். "என்னை ஏமாத்திட்டியே!"

"இன்னாங்க ஏமாத்தினேன்? எல்லாம் நீங்க சொன்னதுதான். வெலாசம் மட்டும் நம்மளுது. போன பொங்கலுக்குப் பொடி அரைச்சு விக்கட்டுமான்னு கேட்டேன். ஊரு சிரிக்கும்னீங்க. ஊரு சிரிக்கலீங்க, சப்புக் கொட்டிக்கினு தின்னுது."

கண்ணாயிரத்திடம் ஒரே ஒரு அஸ்திரம் பாக்கி இருந்தது. "பொடி சரி. கோழி? எந்தப் பண்ணையோ, எந்தத் தீனியோ, இன்னா ஊசி போட்டானோ! அது தெரியாம திங்கலாமா?"

தங்கமணி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "அது நாயமான பேச்சுங்க. எனக்கும் அதுதான் தெரியல."

கடைசியில் ஒரு வாதத்திலாவது ஜெயித்துவிட்டோம் என்று அவர் மீசையைத் தடவினார்.

"அதனாலதான்," என்றாள் அவள், "கொல்லையில நாமளே வளத்து ஜீவாவுக்குக் குடுக்கலாம்னு நாப்பது குஞ்சுக்குச் சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு வந்துரும். உள்ள இன்னா போவுதுன்னு கூடவே இருந்து கவனமா பாக்க உங்களை வுட்டா ஆருங்க இருக்காங்க?"

இப்போதெல்லாம் கோழிக்குள் என்ன போகிறது என்று கண்ணாயிரத்துக்கு அத்துப்படி. வெளியே என்ன வருகிறது என்பதும்தான், தினமும் அள்ளுகிறவர் அவரல்லவா!