மீன் விற்காத கஃபீல் அண்ணாச்சி

விற்கக் கூடாது என்பதற்காகவே கடை திறந்து வைத்திருப்பவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் வளைகுடாவில், சத்வா என்ற பேட்டையில், இரண்டு தையல் கடைகளுக்கு நடுவே, வண்ணமீன் வியாபாரம் செய்கிறார். தூத்துக்குடிக்காரர். பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. விற்ற மீனுக்கும் தானே பொறுப்பு என்று வாங்கியவர் வீடு தேடிப் போய் விசாரிப்பார். அதனால், நம் விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளியின் பட்டத்தையே அவருக்கும் சூட்டிவிட்டார்கள்: கஃபீல் அண்ணாச்சி.

நான் அவரிடம் போய் மாட்டியது ஒரு நத்தையால். என் மகள் யாழினியின் உயிர்த்தோழி குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது, தன் இருபது லிட்டர் தொட்டியையும் அதிலிருந்த சுல்தான் என்ற ஃபைட்டர் மீனையும் இவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். தொட்டி வெறிச்சென்று இருக்கிறதே என்று நான் ஒரு செடி வாங்கிப் போட்டேன். வீட்டில் நான் சுயமாக எடுத்த முடிவுகள் மொத்தம் இரண்டு; இரண்டாவது அது. செடியோடு ஒரு நத்தை வந்தது. டிக்கெட், விசா, மெடிக்கல் எதுவும் இல்லாமல் ஒரே மாதத்தில் தன் குலம் முழுவதையும் வரவழைத்துக்கொண்டது. கண்ணாடியே தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நத்தை போகணும். இல்லன்னா தொட்டி போகும்" என்றாள் என் மனைவி சுமதி. யாழினி தொட்டிக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

நத்தை தின்னும் மீன்களைப் பற்றி நான் படித்த அளவுக்கு ஆபீஸ் ஃபைல்களைப் படித்திருந்தால் இந்நேரம் மேனேஜர் ஆகியிருப்பேன். பட்டியலோடு அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"க்ளவுன் லோச் ஒண்ணு குடுங்க அண்ணாச்சி. நத்தையை உறிஞ்சித் தின்னுடுமாம்."

"திங்கும். தொட்டி எத்தன லிட்டரு?"

"இருபது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது ஒரு அடி வளரும் சார்வாள். தனியாவும் இருக்காது, அஞ்சாறு பேராத்தான் இருக்கும். ஒத்தக் கட்டில் பெட் ஸ்பேஸ்ல கூட்டுக் குடும்பத்தக் குடிவைக்கச் சொல்லுதியளா?"

"அப்ப குட்டிப் பஃபர் மீன்? விரல் நுனி அளவுதானே?"

"அளவுதான் குட்டி. நத்தைய முடிச்ச கையோட உங்க சுல்தான் வாலக் கடிக்கும். அது பேச்சிலர் ரூம் பார்ட்டி. ஃபேமிலியோட ஷேரிங் போட முடியாது."

"நத்தை மருந்து ஏதாவது..."

"மருந்தா! செத்த நத்தை அம்புட்டும் அழுகித் தண்ணி கெட்டா சுல்தானும் சேந்து கலாஸ்."

பெண் கேட்டுப் போய், பையன் உத்தியோகம் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவனைப் போல எழுந்தேன். போகும்முன் என் விலாசத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை வீட்டு மணி அடித்தது. அண்ணாச்சி. கையில் மீன் இல்லை, ஒரு வெள்ளரிக்காய் இருந்தது. தொட்டிமுன் குத்தவைத்து உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தார்.

"தீனி போடுதது யாரு?"

"நான்தான் அங்கிள். ஸ்கூல் போறதுக்கு முன்னாடி" என்றாள் யாழினி.

"டியூட்டி முடிஞ்சு வந்ததும் நானும் கொஞ்சம்..." என்று இழுத்தேன். நான் வீட்டுக்குள் நுழைந்தால் ஓடி வருவது சுல்தான் ஒருவன்தான் என்பதை எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வது?

"சரி. மத்தியானம்?"

அண்ணாச்சி சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரும் கிளம்பிப் போயிட்டா வீடே பேச்சு மூச்சில்லாம கிடக்கு" என்று உள்ளிருந்து சுமதியின் குரல் வந்தது. "அது என்னையே பாத்துட்டு நிக்குது. ரெண்டு உருண்டை போட்டா என்ன?"

"ரெண்டுதானா?"

"...ஒரு கைப்பிடி."

தொட்டியைத் தூக்கி எறிவேன் என்றவள் இவள்தான்.

"மூணு வேளை விருந்து!" அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "மிச்சத்தத் தின்னு நத்தை புள்ள பெத்து வளக்கு. சுல்தானுக்குப் பசிச்சா அவனே நத்தைக் குஞ்சக் கொத்துவான். நத்தை திங்கிற மீனு உங்க வீட்லயே இருக்கு சார்வாள். நீங்கதான் அவன டியூட்டி பாக்க விடல."

வெள்ளரித் துண்டை முள்கரண்டியில் குத்தித் தண்ணீருக்குள் இறக்கினார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் நத்தைகள் அதில் அப்பிக்கொண்டன. அப்படியே தூக்கி டப்பாவில் போட்டுக்கொண்டார். கடையிலிருக்கும் பஃபருக்குப் பார்சலாம். வாரத்துக்கு இரண்டு முறை எங்களையும் அப்படிச் செய்யச் சொன்னார். பிறகு தீர்ப்பு வந்தது: "இனி ஒரு நாளைக்கு ஒரு நேரம். மூணே உருண்டை. மூணு பேரும் சேந்து நின்னு ஆளுக்கு ஒண்ணு. ஒருத்தர் கொறஞ்சாலும் போடப்பிடாது."

ஞாயிறு வந்தது. நத்தைகள் போகவில்லை, குறைந்திருந்தன. சுமதி குனிந்து எண்ணிவிட்டு, "சரி, அடுத்த ஞாயிறு" என்றாள். எட்டு மாதமாக அதையே சொல்கிறாள். இப்போது நான்கைந்து நத்தைகள்தான். "இருக்கட்டும், கண்ணாடி தொடைக்க ஆளு வேணும்லா" என்று அண்ணாச்சி அவற்றுக்கு நிரந்தரக் குடியுரிமை கொடுத்துவிட்டார். தினமும் மாலை ஏழு மணிக்கு, மூன்று நேரத்தில் சாப்பிட்டு மூன்று அறையில் இருந்த நாங்கள், கையில் ஆளுக்கொரு உருண்டையோடு சுல்தான் முன் ஆஜராகிறோம். அவன் தின்று முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு நிற்கிறோம்.

இன்றுவரை அவர் எனக்கு ஒரு மீன்கூட விற்கவில்லை. லீவில் ஊருக்குப் போனவர் நேற்று போன் செய்தார். முதலில் சுல்தானை விசாரித்தார். அடுத்து நத்தைகளை. வைக்கப்போகும்போதுதான் என் நினைவு வந்தது போல, "சார்வாள், நீங்க சாப்ட்டியளா?" என்றார்.

என் விசாவில் கஃபீல் என்று வேறு யார் பெயரோ இருக்கிறது.